பதினாலு வயசுப் பையன், பதற்றம், ஆர்லாண்டோ: வரிசை பாஸ் கிடைக்குமா?

பனசங்கரி அப்பா, 9 பிப்ரவரி 2025

மே முதல் வாரம் ஃபுளோரிடா போகிறோம். அக்கா டாம்பாவில் இருக்கிறார். மகனுக்குப் பதினாலு முடிந்தது. ஒன்றரை வருஷமாக ஆங்சைட்டி, சைக்காலஜிஸ்டிடம் போய்க்கொண்டிருக்கிறோம். கூட்டம், வரிசை இரண்டும் ஆகாது. டிஸ்னியில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பாஸ் உண்டு, வாங்கினால் வரிசையில் நிற்காமலே எல்லா ரைடும் ஏறலாம் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். டாக்டர் லெட்டர் கையில் இருக்கிறது. போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர் அம்மா, 10 பிப்ரவரி 2025

லெட்டரைப் பெட்டியில் வையுங்கள், ஆனால் டிஸ்னியில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். பாஸுக்குப் பெயர் டி.ஏ.எஸ். போவதற்கு முன்னாலேயே வீடியோ அழைப்பில் பேசிப் பதிவு செய்யலாம். பாஸ் யாருக்கோ அவர் அழைப்பில் இருந்தாக வேண்டும். பையன் டியூஷன் போயிருக்கிறான், நான் பேசுகிறேன் என்றால் நடக்காது. நோய்க்கு என்ன பெயர் என்பதைவிட, வரிசையில் நின்றால் அவனுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் கேட்பார்கள்.

ஆபீஸ்காரர் சொன்னதில் பாதி சரி. வரிசையில் நிற்க வேண்டாம், காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு ரைடுக்கு இப்போது ஒரு மணி நேர வரிசை என்றால், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லி நேரம் குறித்துத் தருவார்கள். திருப்பதியில் நேரம் போட்ட டோக்கனை வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போய்ப் படுப்போமே, அது மாதிரி. ஒரு சமயத்தில் ஒரு ரைடுக்குத்தான் நேரம் வாங்கலாம்.

ஆங்சைட்டிக்கும் தருகிறார்கள். உள்ளதைச் சொல்லுங்கள், கிடைக்கும். நாங்கள் 2023 மேயில் போனோம், அப்போது மகளுக்குப் பதினஞ்சு.

அல்சூர் அம்மா, 10 பிப்ரவரி 2025, இரவு

இன்னொன்று. அழைப்புக்கு நேரம் பார்க்கும்போது அங்கே காலை என்றால் நமக்கு மாலை என்பதை மனதில் வையுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு வைத்துக்கொண்டால் பையன் தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஐ டோன்ட் நோ’ என்பான். இது என் வீட்டில் நடக்கவில்லை. என் வீட்டில் நடந்தது வேறு. அதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

அல்சூர் அம்மா, 13 பிப்ரவரி 2025

மேலே நான் எழுதியதில் ஒரு வரியை அடித்துவிடுங்கள். ‘ஆங்சைட்டிக்கும் தருகிறார்கள்’ என்றேன். அது 2023-இன் கதை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரயில்வே டைம்டேபிளைப் பார்த்து வழி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ஃபுளோரிடா டிஸ்னியில் 20 மே 2024 அன்று விதியை மாற்றினார்கள், கலிபோர்னியாவில் அதே வருஷம் ஜூன் 18. இப்போது டி.ஏ.எஸ். யாருக்கு என்றால், ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடோ அதை ஒத்த நிலையோ இருந்து, அதனால் வழக்கமான வரிசையில் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களுக்கு. தனியாக ஆங்சைட்டி மட்டும் என்றால் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அழைப்பில் வெளி நிறுவனம் ஒன்றின் மருத்துவப் பணியாளரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். பொய் சொன்னது தெரிந்தால் பூங்காவுக்குள் நிரந்தரத் தடை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ ஆட்டிசம்னு சொல்லிடலாமா’ என்று ஒருவர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். தடையை விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். அதனிடம் இருப்பதே போதாது, நீங்கள் வேறு ஒன்றைக் கூடுதலாக ஒட்டிவிடுகிறீர்கள்.

அல்சூர் அம்மா, 14 பிப்ரவரி 2025

‘லைட்னிங் லேனும் இதுவும் ஒன்றுதானே’ என்று கேட்டவருக்கு. இல்லை, காசு கொடுத்து வாங்கும் லைட்னிங் லேன் என்பது வேறு, டி.ஏ.எஸ். வேறு. வாசல் ஒன்றாக இருக்கும், அதனால்தான் குழப்பம். காசு இருப்பவர் அதை வாங்கிக்கொண்டு இந்த இழையையே மறந்துவிடலாம். எங்கள் வீட்டில் அவர் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அதற்கு மேல் இதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அல்சூர் அம்மா, 17 பிப்ரவரி 2025

சரி, அந்த அழைப்பு. எந்தப் பூங்கா என்பது வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது.

மாலை ஏழு மணிக்கு நேரம். நான் மூன்று நாளாகத் தயார் செய்திருந்தேன். ஒரு நோட்டில் எட்டாம் வகுப்பிலிருந்து நடந்ததெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். பள்ளிக் கழிவறையில் பூட்டிக்கொண்டது, அத்தை கல்யாணத்தில் மண்டபத்தை விட்டு ஓடி வந்தது, மால் எஸ்கலேட்டரில் பாதி வழியில் உட்கார்ந்தது. திரையில் ஒரு பெண் வந்தார், நல்ல சிரிப்பு. மகளைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். மறுபடி அவளையே பார்த்துக் கேட்டார். நான் நோட்டைத் திறந்தேன். எஸ்கலேட்டர் வரை வந்திருப்பேன். மகள் கையை நீட்டி லேப்டாப்பை மூடினாள். கோபமாகக்கூட இல்லை, புத்தகத்தை மூடுகிற மாதிரி மூடினாள்.

‘நீ சொன்னது எல்லாம் நெஜம்தாம்மா. ஆனா அவங்க யாரு?’ என்று கேட்டாள்.

திரும்ப அழைக்கவில்லை. பாஸ் இல்லாமல்தான் போனோம். வீட்டில் அவர் ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை, மகள் மூன்று நாள். பாஸ் தராமல் யாரும் மறுக்கவில்லை, நானே வாயால் கெடுத்துக்கொண்டேன்.

அதனால் பனசங்கரி சார், பையனைத் தயார் பண்ணுங்கள், நீங்கள் தயாராக வேண்டாம். ரெண்டு வாக்கியம் போதும். ‘வரிசையில் நின்றால் எனக்கு இப்படி ஆகும். அப்போது இது தேவைப்படும்.’ அவன் வாயால், அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

அல்சூர் அம்மா, 22 பிப்ரவரி 2025

கீழே ஒருவர் ‘யு.டி.ஐ.டி. கார்டு எடுத்துக்கொண்டால் உலகம் முழுக்கச் செல்லும்’ என்று எழுதியிருக்கிறார். செல்லாது. அது மாற்றுத்திறனாளிகளுக்கு இந்திய அரசு தரும் அடையாள அட்டை, ஆர்லாண்டோவில் அதைக் காட்டினால் நல்ல ஃபோட்டோ என்பார்கள்.

அதைவிட முக்கியம், ஆங்சைட்டிக்கு அந்த அட்டை கிடைப்பதே சுலபமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. மனநோய் அதில் ஒன்று. ஆனால் அதற்கான விளக்கத்தில், தீர்மானிக்கும் திறனையோ அன்றாட வாழ்க்கையையோ கடுமையாகப் பாதிக்கும் அளவு இருக்க வேண்டும் என்று வருகிறது. ஐடியாஸ் என்று ஓர் அளவுகோல் வைத்து அளப்பார்கள்: தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, இவற்றோடு எத்தனை வருஷமாக இருக்கிறது என்பது. சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதத்தில்தான் தொடங்கும். பள்ளிக்குப் போய், பரீட்சை எழுதி, ராத்திரி மட்டும் நடுங்கும் பிள்ளை அந்தக் கணக்கில் எங்கே நிற்கும்? என் மகளுக்கு நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னபோது அவள் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆனால் அதே சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு சொல் உண்டு, ‘நியாயமான இணக்க ஏற்பாடு’. அளவுக்கு மீறிய சுமை இல்லாமல், அந்த ஒருவருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவது. ஊனம் எத்தனை சதவீதம் என்பது ஒரு கேள்வி, உனக்கு என்ன மாற்றம் வேண்டும் என்பது வேறு கேள்வி. ரெண்டாவதற்கு எங்கள் வீட்டிலேயே பதில் தெரியாமல்தான் ரொம்ப நாள் இருந்தோம்.

அல்சூர் அம்மா, 2 மார்ச் 2025

‘அதுவரை வீட்டில் என்ன செய்வது’ என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், இது வைத்தியம் இல்லை, சைக்காலஜிஸ்ட் மேடம் கூட இருந்து போட்ட திட்டம். ஏணி என்பார். பயத்தைப் படிப்படியாக உடைத்து, கீழ்ப்படியிலிருந்து ஏறுவது. ஒரு படி சலிப்புத் தட்டும் வரை அதிலேயே நிற்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தது.

எங்கள் ஏணி பெங்களூரு மெட்ரோ. அல்சூர் ஸ்டேஷனில் ஏறினால் டிரினிட்டி, எம்.ஜி. ரோடு வரை ரயில் மேம்பாலத்தில் போகும், வெளிச்சமாக இருக்கும். எம்.ஜி. ரோடு தாண்டியதும் தரைக்குள் இறங்கிவிடும். மகள் எம்.ஜி. ரோடு வரை ராணி மாதிரி வருவாள், அங்கே கதவு திறந்ததும் இறங்கிவிடுவாள். நாலு வாரம், சனிக்கிழமைதோறும் எம்.ஜி. ரோட்டில் இறங்கி தோசை தின்றுவிட்டுத் திரும்பினோம். அஞ்சாவது வாரம் அவளே, ‘இன்னிக்கு கப்பன் பார்க்’ என்றாள். ஒரே ஒரு ஸ்டேஷன் சுரங்கத்தில். அன்றைக்கு அவள் கைமணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டே வந்தேன், 130 இருக்கும். அப்புறம் விதான சௌதா. மெஜஸ்டிக் வந்துசேர மூன்று மாதம். மெஜஸ்டிக்கில் மாலை ஏழு மணிக்குப் பச்சை லைனுக்கு மாறும் கூட்டத்தில் நின்றுவிட்டால் ஆர்லாண்டோவில் எங்கேயும் நிற்கலாம், இதை நான் எழுதித் தருகிறேன்.

போன மாதம் கட்டணம் ஏற்றிய பிறகு ஏணி ஏறவும் செலவு கூடிவிட்டது. பனசங்கரி பச்சை லைன், உங்களுக்கு வேறு வழி இருக்கும். கூட்டம் பழக வேண்டும் என்று உற்சாகத்தில் ஏப்ரலில் கரகத் திருவிழாவுக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அது ஏணி இல்லை, மொட்டை மாடியிலிருந்து தள்ளுவது. லால்பாக் மலர்க் காட்சியில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். குடியரசு தின விடுமுறை, கண்ணாடி மாளிகை வாசல், அவள் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து ஒரு அம்மா ‘ஸ்வல்ப சரியம்மா’, கொஞ்சம் நகரும்மா, என்று தள்ளினார். மெட்ரோவில் ஏறிய ரெண்டு படி அன்றைக்கே இறங்கிவிட்டது.

அல்சூர் அம்மா, 3 மார்ச் 2025

மேலே ‘மூன்று மாதம்’ என்றது தப்பு. பழைய நோட்டைப் பார்த்தேன், அஞ்சு மாதம். ஞாபகத்துக்கு எப்போதும் அவசரம்.

அல்சூர் அம்மா, 10 மார்ச் 2025

நேற்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். இதுவரை பத்தரை மணி நேர வித்தியாசம், இனி நவம்பர் வரை ஒன்பதரை. அங்கே காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஆறரை. அழைப்புக்கு நல்ல நேரம் அதுதான், பள்ளி விட்டு வந்து டிபன் சாப்பிட்டிருப்பான்.

அல்சூர் அம்மா, 15 மார்ச் 2025

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பாஸ் வாங்குவதே சரிதானா?

மேடம் அன்றைக்குக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ‘இந்தப் பாஸ் அவளுக்கா, உங்களுக்கா?’ எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் விளக்கியது இது. பதற்றம் உள்ள பிள்ளைக்கு நாம் ஒவ்வொன்றாக விலக்கிக் கொடுப்போம். அவளுக்குப் பதில் நாமே போன் பேசுவோம், ஹோட்டலில் ஆர்டர் சொல்வோம், கல்யாணத்துக்குப் போகாமல் இருப்போம். அன்றைக்கு நிம்மதி, ஆனால் ‘அதை நீ தாங்கமாட்டாய்’ என்று நாமே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்த மாதிரி. பயம் ஒரு சுற்று பெருக்கும். பேனிக் வந்தால்கூட பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடும், இறங்குவதை ஒருமுறை நின்று பார்த்த பிள்ளைக்கு அடுத்த முறை கொஞ்சம் தைரியம் இருக்கும். ஓடி வந்துவிட்டால் இறங்குவதைப் பார்க்கவே முடியாது.

நான் கேட்டேன், அப்போ எந்த ஏற்பாடும் வேண்டாமா, தண்ணியில் தள்ளிவிடவா என்று. மேடம் சிரித்தார். நீச்சல் குளத்தில் ஓரத்துக் கம்பி இருக்கிறது அல்லவா, அதை எடுக்கச் சொல்லவில்லை, நீந்தவே வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள் என்றார்.

அதற்கப்புறம்தான் மகளிடம் ஒழுங்காகக் கேட்டேன். வரிசையில் உனக்கு எது பயம்? நிற்பதா, கூட்டமா, சத்தமா? அவள் சொன்னது: ‘நிக்கறது இல்லம்மா. வெளிய போகணும்னா போக முடியாதே, ரெண்டு பக்கமும் கம்பி, பின்னாடி எரநூறு பேர், எல்லாரும் பாப்பாங்க.’

பாருங்கள், நான் ஓடி ஓடி வாங்கப் பார்த்தது வரிசையைக் குறைக்கும் பாஸ். அவளுக்கு வேண்டியது வரிசையில் ஒரு கதவு. பெரிய பூங்காக்களில் இதற்குத் தனி ஏற்பாடே உண்டு. டிஸ்னியில் வரிசையை விட்டு வெளியே போய்த் திரும்பக் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம், ரைடு வாசலில் நிற்கும் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வழி சொல்வார்கள். ரைடர் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது, ஏற விரும்பாத பிள்ளையோடு ஒருவர் நின்றுகொண்டு, மற்றவர்கள் இறங்கியதும் அவர் மறுபடி முழு வரிசை நிற்காமல் ஏறலாம். இதற்கெல்லாம் வீடியோ அழைப்பும் கிடையாது, நோட்டும் கிடையாது.

சார், உங்கள் பையனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டீர்களா? ‘கூட்டம் ஆகாது’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது அவன் வார்த்தையா?

அல்சூர் அம்மா, 23 மார்ச் 2025

யுனிவர்சல் பற்றிக் கேட்டவருக்கு. அங்கே முறை வேறு. ஐ.பி.சி.சி.இ.எஸ். என்ற அமைப்பின் அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், இலவசம், போகும் நாளுக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால். இங்கேதான் உங்கள் டாக்டர் லெட்டருக்கு வேலை. ‘இந்தப் பையனுக்கு ஆங்சைட்டி’ என்று ஒரு வரி எழுதிய லெட்டர் பயன்படாது. வரிசையில் என்ன நடக்கும், என்ன ஏற்பாடு வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். இங்கிலீஷில், தலைப்புத் தாளில், பதிவு எண்ணோடு. நம் டாக்டர்கள் கையெழுத்தை அமெரிக்கா படிக்காது, டைப் பண்ணச் சொல்லுங்கள்.

அல்சூர் அம்மா, 29 மார்ச் 2025

‘இதெல்லாம் ஃபாரின் சமாச்சாரம், இங்கே என்ன’ என்ற நண்பருக்கு. பிடதி வொண்டர்லா 2005-இலிருந்து இருக்கிறது, ஃபாஸ்ட்ட்ராக் டிக்கெட் காசுக்கு உண்டு. இன்னொரு ஊர்ப் பூங்காவில், பெயர் வேண்டாம், கவுண்டரில் ‘என் பெண்ணுக்கு வரிசையில் பதற்றம் வரும், நடுவில் வெளியே போக வேண்டியிருக்கும்’ என்றேன். அந்தப் பையன் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, ‘மேடம், நல்லாத்தானே இருக்காங்க’ என்றான். கண்ணுக்குத் தெரியாத எதற்கும் நம் ஊரில் முதல் பதில் இதுதான். மகள் அவனிடமே, ‘ஆமாண்ணா, இப்போ நல்லாத்தான் இருக்கேன், உள்ளே போனா ஒருவேளை இருக்கமாட்டேன்’ என்றாள். அவன் சிரித்துவிட்டு ஒரு ரைடு சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொன்னான். அப்புறம் எல்லாம் சுமுகம். விதிப் புத்தகத்தில் இல்லாத ஏற்பாடு நம் ஊரில் வாயால் நடக்கிறது, என் வாயால் இல்லை, அவள் வாயால்.

நாளை யுகாதி. எல்லாருக்கும் வேப்பம்பூவும் வெல்லமும்.

அல்சூர் அம்மா, 6 ஏப்ரல் 2025

மாத்திரை பற்றி இங்கே கேட்காதீர்கள், எது எத்தனை என்று நான் சொல்லமாட்டேன். எடுத்துப்போவது பற்றி மட்டும். ஸ்ட்ரிப்பை வெட்டி டப்பாவில் போடாதீர்கள், அட்டையோடு, பிரிஸ்கிருப்ஷனோடு, கைப்பையில். பிரிஸ்கிருப்ஷனில் மருந்தின் உட்பொருள் பெயர் இருக்கட்டும், நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. துபாய் வழியாகப் போகிறவர்கள் கவனம்: குளோனசெபாம், அல்பிரசோலாம் மாதிரி மருந்துகள் அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, அங்கே இறங்கித் தங்குவதாக இருந்தால் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். டாக்டரிடமும் ஏர்லைனிடமும் இப்போதே பேசுங்கள், பெட்டி கட்டும் ராத்திரியில் இல்லை.

நம் கெம்பேகௌடா விமான நிலையத்தில் சூரியகாந்திப் படம் போட்ட பச்சை நிறக் கழுத்துப் பட்டை தருகிறார்கள், வெளியே தெரியாத குறை உள்ளவர்களுக்கு. 2016-இல் லண்டன் கேட்விக்கில் தொடங்கியது. போட்டிருந்தால் செக்யூரிட்டியில் கொஞ்சம் பொறுமையாக இருப்பார்கள். பையன் போட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டால் சரி. என் மகளிடம் காட்டினேன். ‘பலியாட்டுக்கு மாலை மாதிரி இருக்கு’ என்றாள். பட்டை இப்போது என் வீட்டுச் சாவிக்கொத்தில்.

அல்சூர் அம்மா, 8 ஏப்ரல் 2025

மே முதல் வாரம் நல்ல முடிவு. நம் பிள்ளைகளுக்கு லீவு, அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி. மே கடைசித் திங்கள் அவர்களுக்கு விடுமுறை, அந்த வாரக் கூட்டம் வேண்டாம். மே 22 யுனிவர்சலின் புதுப் பூங்கா வேறு திறக்கிறது, அதற்கு முன்னால் திரும்பிவிடுங்கள். காலையில் கேட் திறக்கும்போதே நில்லுங்கள், முதல் ரெண்டு மணி நேரத்தில் ஏறுவதுதான் ஏற்றம். மத்தியானம் வெயில் நம் சென்னை வெயில். மழை வந்து இடி இடித்தால் வெளியே இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், வரிசையில் இருந்தவர்கள் கூரைக்கு அடியில் நெருக்கியடித்து நிற்பார்கள். பையனுக்கு அது பெரிய சோதனை, வானம் கறுத்தால் ரூமுக்குக் கிளம்பிவிடுங்கள்.

காது மூடும் ஹெட்ஃபோனை விட ஒரு முறுக்குப் பொட்டலம் எங்களுக்கு அதிகம் உதவியது. கடிக்கும்போது கவனம் பல்லுக்குப் போய்விடுகிறது. மேடமும் தலையாட்டினார்.

அல்சூர் அம்மா, 12 ஏப்ரல் 2025

கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். பாஸ் இல்லாமல் போய் என்ன ஆயிற்று?

முதல் நாள் மூன்று வரிசை, நாற்பது ஐம்பது நிமிஷம். ஒவ்வொரு வாசலிலும் மகளே போய், வெளியே வர வேண்டியிருந்தால் எந்த வழி என்று கேட்டுக்கொண்டாள். கேட்டதோடு சரி, ஒருமுறைகூட வெளியே போகவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட, இத்தனை மாதம் தயாரானதற்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று.

நடந்தது வரிசை முடிந்த பிறகு. சில ரைடுகளில் ஏறுவதற்கு முன் எல்லாரையும் ஓர் அறைக்குள் விட்டுக் கதவை மூடி, கதை மாதிரி ஏதாவது காட்டுவார்கள். வெளிச்சம் குறைந்தது, கதவு மூடியது, முடிந்தது. மகள் சுவரோரம் சரிந்துவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ரெண்டு நிமிஷம்தான், கதவு திறந்ததும் ஒரு பணியாளர் பக்க வழியாக வெளியே கூட்டிவந்து தண்ணீர் தந்தார். அப்புறம்தான் தெரிந்தது, அந்த அறையைத் தவிர்த்து நேரே ரைடுக்குப் போக வழி கேட்டால் பல இடங்களில் காட்டுவார்கள். எந்தப் பாஸ் இருந்தாலும் அந்த அறை வரும். அதனால் ரைடு வாசலில் ரெண்டு கேள்வி கேளுங்கள்: நடுவில் வெளியே வர வழி எது, உள்ளே கதவு மூடும் அறை இருக்கிறதா.

கதவுதான் அவளுக்குப் பிரச்சினை. மெட்ரோவில் பழகியது சுரங்கம், கதவு இல்லை, மெட்ரோக் கதவு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்துவிடும். ஏணியில் ஒரு படியை நாங்கள் விட்டுவிட்டோம்.

பனசங்கரி அப்பா, 18 மே 2025

வந்துவிட்டோம். ஜெட்லாக், சுருக்கமாக எழுதுகிறேன். பையனிடம் கேட்டேன் மேடம். கூட்டம் இல்லையாம், வாந்தி வந்துவிடுமோ என்ற பயமாம், ஒன்றரை வருஷமாக எனக்குத் தெரியாது. சைக்காலஜிஸ்டுக்குத் தெரிந்திருக்கிறது. பாஸுக்குப் போகவில்லை. ரைடு வாசலில் அவனே பேசினான். மூன்று நாளில் ஒருமுறை வெளியே போய்த் திரும்ப வந்து சேர்ந்துகொண்டான். முறுக்கு கஸ்டம்ஸில் ஓகே.

அல்சூர் அம்மா, 19 மே 2025

வாந்தி! வரிசை பாஸைப் பற்றி மூன்று மாதம் எழுதித் தள்ளினேன், ஒரு பிளாஸ்டிக் கவரைப் பற்றி எழுதவில்லை.

அந்த ஒருமுறை எந்த ரைடில்? அவனிடம் கேட்காதீர்கள், சும்மா ஆர்வம்.

அல்சூர் அம்மா, 1 ஜூன் 2025

மகள் இந்த இழையைப் படித்துவிட்டாள். யார் காட்டினார்கள் என்று தெரியவில்லை. பதினேழு வயசு, கேட்டால் சொல்லமாட்டாள். நாலு திருத்தம் சொன்னாள், அவள் சொன்னபடியே போடுகிறேன்.

எம்.ஜி. ரோட்டில் தின்றது தோசை இல்லை, மசாலா பூரி. லால்பாக்கில் தள்ளிய அம்மா நல்லவங்க, அப்புறம் குடையைப் பிடிச்சாங்க, அதை ஏன் எழுதலை. ‘பலியாட்டுக்கு மாலை’ன்னு நான் சொல்லலை, நீதான் சொன்னே, நான் சிரிச்சேன்.

நாலாவது, ஏப்ரல் 12 பதிவில். ‘கதவு இல்லம்மா. கதவு மூடினப்போ கொஞ்சம் ஆச்சு, சமாளிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ வந்து மணிக்கட்டைப் பிடிச்சு எண்ண ஆரம்பிச்சே பாரு, கப்பன் பார்க்ல பிடிச்ச மாதிரியே. நீ எண்ணினா நெலமை மோசம்னு எனக்குத் தெரியும். அப்பதான் சரிஞ்சேன்.’

ஏப்ரல் 12-ஐத் திருத்தவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். கதவு மூடும் அறை இருக்கிறதா என்று கேட்கச் சொன்னது எப்படியும் பயன்படும். ஆகஸ்டில் லால்பாக் மலர்க் காட்சிக்குப் போகலாமா என்று கேட்டேன். ஃப்ரெண்ட்ஸோடு போகிறாளாம்.